சம்பந்தி கொடுத்த தேயிலை

ஒரு மரத்துக்கு முடி வெட்டி முகம் திருத்த, கண்டியிலிருந்து ஆள் வரவழைத்துக் காசு கொடுத்த முதல் மனிதன் டிக்கோயாவில் நானாகத்தான் இருக்க வேண்டும். என் வீட்டு முற்றத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். எதிர் மலை முழுக்க, வளர விடாமல் வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்த மரங்கள். அப்படி நிறுத்தி வைத்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அதே தேயிலையில் ஒன்றைத் தட்டையான நீலத் தொட்டியில் உட்கார வைத்து, அதற்கு போன்சாய் என்று பேர் சூட்டி, அதைக் கவனிக்க ஒரு நிபுணரைக் கூப்பிட்ட கதை.

மரம் நான் வாங்கியதில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. அது சம்பந்தியாகப் போகிறவர் கொடுத்தது.

என் ஒரே மகள் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். அங்கேயே வேலை செய்யும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன், நம்ம ஆட்கள், நுவரெலியாவில் சொந்த வீடு. அப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கூரை போட்டு, நாற்பது குட்டை மரங்களை வளர்க்கிறார். சிலருக்கு ஓய்வு பெற்றால் சர்க்கரை வரும், இவருக்கு போன்சாய் வந்திருக்கிறது.

முதல் தடவை எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது பழத்தட்டோடு அந்தத் தொட்டியையும் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எங்க வீட்டுக்கு நீங்க ஒரு புள்ளையத் தரப்போறீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு புள்ளைய உங்க கையில தர்றேன். ஒரு தோட்டத்துல பழைய தேயில மலையத் தோண்டுனப்ப சொல்லி வச்சு வாங்குனது. நூறு வருசத்து மரம். நல்லாப் பாத்துக்குங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் தயாரித்தவன் நான். தாளை நீட்டுகிறவர் சிரித்துக்கொண்டேதான் நீட்டுவார் என்பது எனக்குத் தெரியாதா?

அடுத்த கேள்வி உடனே வந்தது. "உங்க அப்பா என்ன செஞ்சாருங்க?"

"நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தாருங்க."

"ஸ்டாஃபா, கந்தோர் வேலையா?"

"ம்..." என்று சொல்லிவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்துக்கொண்டேன். வாயில் பழம் இருக்கும்போது பேசுவது மரியாதை இல்லை அல்லவா? என் அப்பா கவ்வாத்துக்காரர். கத்தியோடு மலைக்குப் போய்த் தேயிலையை வெட்டி விட்டு வந்தவர். நான் பொய் சொல்லவில்லை, உண்மையைக் கொஞ்சம் கவ்வாத்து செய்தேன், அவ்வளவுதான். நான் பிறந்த லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடு, இன்னும் அப்படியே இருக்கிறது, அதில் என் அக்கா இன்னும் இருக்கிறாள் என்பதை மட்டும் அடியோடு வெட்டிவிட்டேன்.

மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, அவருக்கு எல்லாம் தெரியும். அவருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா அவங்க அப்பா சம்மதம் இல்லாம அவரு தாலி கட்ட மாட்டாரு. நீங்களே பக்குவமா சொல்லிருங்க." சரி என்றேன். பக்குவமான நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். என் மகளின் வாழ்க்கை ஒரு கையில், நூறு வருடத்துத் தேயிலை மறு கையில்.

மகளைப் பற்றிச் செய்ய எதுவும் இல்லாததால் மரத்தைக் கவனித்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். டிக்கோயாவில், மழை கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில், நான் செம்பு எடுத்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள் பூத்தது.

"முக்கி முக்கியே கொன்னுருவீங்க போல" என்றாள் மனைவி.

சம்பந்தியிடம் கேட்கலாம்தான். தாள் கொடுத்தவரிடமே விடை கேட்பதா? போனில் தேடினேன். கண்டியில் ஒருவர், போன்சாய் பராமரிப்பும் அலங்காரமும் வீடு தேடி வந்து செய்து தரப்படும் என்று போட்டிருந்தார். மணமகள் அலங்காரத்துக்குப் போடுவது போலவே பூ வைத்த விளம்பரம்.

வேனில் வந்து இறங்கினார். தலைமுடியைப் பின்னால் கட்டியிருந்தார். இடுப்பில் தோல் பை, அதில் பல் வைத்தியரே பொறாமைப்படும் அளவுக்குக் குறடுகள். சிங்களமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். நான் கோயிலில் நிற்பது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கடைசியில் பெருமூச்சு விட்டு, இந்த மரத்துக்குக் கதை இல்லை என்றார்.

கதை இல்லையாம்! வெள்ளைக்காரத் துரை காலத்தில் நட்டு, எத்தனை பேர் கை பட்டு, கிள்ளப்பட்டு, வெட்டப்பட்டு, பிடுங்கப்பட்டு, கடைசியில் வரதட்சணை மாதிரி ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்து சேர்ந்த மரத்துக்குக் கதை இல்லை. நான் பணிவாகத் தலையாட்டினேன். கதை இல்லாவிட்டால் என்ன, காசு கொடுத்தால் அவரே எழுதித் தருவார் போலிருந்தது.

எழுதித் தந்தார். ஊறிப்போன மண்ணை எடுத்துவிட்டுச் சரளை கலந்த மண் போட்டார். அது ஒன்றுதான் உருப்படியான வேலை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பிறகு கிளைக்குக் கிளை செப்புக் கம்பி சுற்றி முறுக்கினார். ஒரு கிளையின் தோலைச் சீவி வெள்ளையாக்கினார், இடி விழுந்த மாதிரி இருக்க வேண்டுமாம். கடைசியாக வேனிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே பாசி. பச்சைப் பசேல் என்று, ஈரத்துணி போர்த்தி, கைக்குழந்தையைப் போல வைத்திருந்தார். அதைத் துண்டு துண்டாகக் கிள்ளித் தண்டிலும் வேரிலும் ஒட்டினார். அப்போதுதான் வயது தெரியுமாம். வயதை மறைக்க என் மனைவி மாதா மாதம் தலைக்குச் சாயம் பூசுகிறாள். வயதைக் காட்ட இந்த மரத்துக்கு ஒப்பனை.

தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலைத் தண்டில் பாசி என்றால் அவமானம். கவ்வாத்து முடிந்ததும் செடி செடியாக உட்கார்ந்து தண்டைத் தேய்த்துப் பாசியை எடுப்பார்கள். கணக்கப்பிள்ளை வந்து தண்டில் விரலை ஓட்டிப் பார்ப்பார், பச்சை ஒட்டினால் அன்றைக்குப் பெயர் போடமாட்டார், கூலி இல்லை. அந்தப் பாசியை ஒட்டத்தான் நான் ஆள் பிடித்திருக்கிறேன். கை நமநமவென்றது. ஆனால் படித்தவன் இல்லையா, அடக்கிக்கொண்டேன்.

போகும்போது உத்தரவுகள் போட்டார். பாசியில் விரல் படக்கூடாது. உச்சியில் வரும் மூன்று துளிரையும் கிள்ளக்கூடாது, நீளமாக ஓட விட வேண்டும். அவர் வாங்கிய கூலி, என் அக்கா மாதம் முழுக்க விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கொழுந்து கிள்ளி வாங்கியதைவிட அதிகம். அட்டனில் லீக்ஸ் விற்கிறவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவன், ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.

மரம் பிழைத்துவிட்டது. துளிர் விட்டது. சம்பந்தியும் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறித்துவிடலாம், அப்படியே என் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். நான் சொல்லி அனுப்பவில்லை. நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் இடையே செய்தி போவதற்கு நான் எதற்கு, பஸ் கண்டக்டர் போதாதா? ஒரு பை நிறைய மரக்கறியும், எனக்குப் பிடிக்கும் என்று ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். "புள்ளைக்கு நாள் குறிக்கிறாங்களாமே, ஒத்தாசைக்கு ஆள் வேணாமா?" என்றாள்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று கூடையைத் தலையில் மாட்டியவள். நான் அட்டனுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பதற்காக மாட்டினாள். என் வெள்ளைச் சட்டை, பஸ் காசு, பரீட்சைக் காசு எல்லாம் அவள் கிள்ளிய கொழுந்து. இதை இங்கே எழுதிவிட்டேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

நாளைக்கு வருகிறவர்களிடம் அவளை என்னவென்று சொல்வது? மனைவியிடம் கேட்டேன். "ஒங்க அக்கா. நீங்களே யோசிங்க" என்று கைகழுவிவிட்டாள். நானும் யோசித்தேன். ஞாயிறு காலையில் கேக்கும் மிக்ஸரும் வாங்க அட்டனுக்குப் போகும்போதும் யோசித்துக்கொண்டேதான் போனேன்.

திரும்பி வந்தால், அக்கா குழாயடியில் குந்தியிருக்கிறாள். முன்னால் நீலத் தொட்டி. கையில் தேங்காய் நார்.

"வா தம்பி. நல்ல வேள நான் வந்தேன். யாரு இத இப்படிப் போட்டு வச்சது? கம்பியக் கட்டி, பாசி புடிச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு."

பாசி முழுவதும் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. செப்புக் கம்பிகளை அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள், துணிக்கொடி கட்ட உதவுமாம். ஒரு சின்னத் தட்டில் மூன்று கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக. "கொழுந்து முத்தப் பாத்துச்சு. கிள்ளிட்டேன்" என்றாள். உச்சியை மேசை போல மட்டம் வைத்திருந்தாள். இடி விழுந்த கிளையை, காய்ந்துபோனது என்று அடியோடு எடுத்துவிட்டாள். எதிர் மலையில் நிற்கிற ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்று வழி தவறி என் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஒன்ன யாருக்கா தொடச் சொன்னது? இது என்னான்னு தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"தேயிலதானே தம்பி?"

தேயிலைதான். நிபுணருக்குக் கொடுத்த காசைச் சொன்னேன். "பாசி வைக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"மாப்புள வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களா?"

"கோவமா? கல்யாணமே நின்னுரும்" என்றேன். ஆத்திரத்தில் சொன்னது. அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். சிரிப்பு போன முகத்தோடு, தொட்டியை முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

கால் மணி நேரத்தில் கார் வந்துவிட்டது. சம்பந்தியும் அவர் மனைவியும் மட்டும்தான். சம்பந்தி செருப்பைக் கழற்றும்போதே மரத்தைப் பார்த்துவிட்டார். நேராக அதன் முன்னால் போய் நின்றார்.

"யாருங்க இதச் செஞ்சது?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய நாக்கு எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் பிரிந்ததோ, "வீட்டு வேலைக்கு வர்ற அம்மாங்க. தோட்டத்து ஆளு. தெரியாமச் செஞ்சிருச்சு" என்றேன்.

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், அக்கா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நிற்கிறாள். ஒரு நொடி நின்றாள். பிறகு நேராக வந்து சம்பந்திக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்தாள். கடைசியாக என் முன்னால் குனிந்து தட்டை நீட்டினாள்.

"ஐயாவும் எடுத்துக்குங்க."

ஐம்பது வருடத்துக்கு மேலாக என்னைத் தம்பி என்று கூப்பிட்ட வாய். குரலில் ஒரு சின்ன வித்தியாசம்கூட இல்லை. தோட்டத்தில் எத்தனையோ ஐயாக்களைப் பார்த்தவள், அந்தச் சொல் அவளுக்குப் புதிதா? நான் கோப்பையை எடுத்தேன். எடுத்தேன் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தின் முன்னால் முட்டி போட்டிருந்தார். தண்டில் விரலை ஓட்டினார், கணக்கப்பிள்ளை ஓட்டுவது போலவே.

"அடேயப்பா, எத்தன கவ்வாத்துத் தழும்பு பாருங்க! இவ்வளவு நாளும் எனக்கே தெரியலையே. தண்டுல பாசிய ஒட்டுனா உள்ள அழுகிரும்னு எங்க மரங்களப் பாக்குற ஆளுகிட்ட நான் தலபாடா அடிச்சுக்கிறேன், கேக்க மாட்டேங்குறாரு. காசையும் வாங்கிக்கிட்டு மூணு மரத்தச் சாகடிச்சிட்டாரு." எழுந்து அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நல்ல கை ஒனக்கு. வாரத்துல ரெண்டு நாள் நுவரெலியாவுக்கு வந்து எங்க மரங்களயும் பாத்துக் குடுக்குறியா? பஸ் காசும் தந்து, இங்க குடுக்குறதவிடக் கூடவே குடுக்குறேன்."

அக்கா நிலத்தைப் பார்த்தபடி, "ஐயாகிட்டக் கேட்டுக்குங்க" என்றாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்காவை வாரத்துக்கு இரண்டு நாள் வாடகைக்கு விடுவதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவங்க எங்க அக்காங்க" என்றேன். "கூடப் பொறந்தவங்க. எங்க அப்பா ஸ்டாஃப் இல்ல, கவ்வாத்து வெட்டுனவரு. இவங்க கொழுந்து கிள்ளித்தான் நான் படிச்சேன்."

சம்பந்தியின் மனைவி கோப்பையை வாயருகே பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். அவர் முகம் மெதுவாக மாறத் தொடங்கியது. அதை நான் பார்த்தேன். எனக்கு முன்னால் அக்கா பார்த்துவிட்டாள். சிரித்தாள்.

"ஐயா எப்பவும் அப்படித்தாங்க. தோட்டத்து ஆளுங்க யாரு வந்தாலும் அக்கா, அம்மான்னுதான் பேசுவாரு. என்னையும் கூடப் பொறந்தவன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லுவாரு. தங்கமான மனுசங்க. நான் வேலைக்காரிதாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மிக்ஸர் தட்டோடு நின்றவள், "தேத்தண்ணி ஆறுதுங்க, எடுத்துக்குங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னாள். இன்னொரு தடவை நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை.

சம்பந்தியின் முகம் பழையபடி மலர்ந்தது. பக்கத்தில் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வேலக்காரங்கள கூடப் பொறந்தவங்களா நெனைக்கிறதுக்கு ஒரு மனசு வேணுங்க. சொந்த அப்பாவையே கவ்வாத்துக்காரருன்னு சொல்லி, அவங்களுக்காக எறங்கி வர்றீங்களே! பெரிய மனசுங்க உங்களுக்கு. இந்த மாதிரி குடும்பத்துல இருந்துதான் எங்களுக்குப் பொண்ணு வேணும்." தையில் நாள் குறித்தோம். கேக் நன்றாக இருந்ததாம்.

அவர்கள் போன கையோடு மகள் அழைத்தாள். "சொல்லிட்டீங்களாப்பா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? "அத்தையப் பத்தி என்ன சொன்னாங்க?" என்றாள். நல்ல கை என்று பாராட்டினார்கள் என்றேன். மகிழ்ச்சியில் அழுதுவிட்டாள். இதை எழுதுகிற இன்றைக்கு, தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒரு பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர இரண்டு மாதம் தாராளம். தினமும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"நீ மொதல்ல சொன்னதத்தானே தம்பி நானும் சொன்னேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கி நான் சமையக்கட்டுப் பக்கமே நின்னுக்கிறேன். அங்கன யாரும் மொற கேக்க மாட்டாங்க. தாலி கட்டுறப்ப மட்டும் ஒரு நிமிசம் வாசல்ல வந்து புள்ளையப் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றவள், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "பாக்கலாந்தானே தம்பி?"